கட்டமும் காயும்

உழைப்பும் ஓய்வும் மாந்தர் வாழ்வின் இரு கூறுகள். நாள் முழுதும் உழைத்தவர் மாலையில் சற்றே இளைப்பாற விரும்புவது இயல்பு. அவ்விளைப்பாறுதலுக்குரிய வழிகளுள் சிறந்தது விளையாட்டு. விளையாட்டுகளைப் பொதுவாக இரு வகையாகப் பகுக்கலாம். ஓடியும் தாவியும் உடலை வருத்தி ஆடுவன ஒரு வகை. ஓரிடத்தில் அமர்ந்து, கட்டம் வரைந்து, காய் நகர்த்தி ஆடுவன மற்றொரு வகை. முதல் வகை உடலுக்கு உறுதி தரும் என்பதை எவரும் மறுப்பதில்லை. பின்னைய வகையைப் பற்றியோ கருத்து வேறுபாடு உண்டு. சோம்பி இருப்போர் பொழுது போக்கும் வழி என்று அதனைப் பழிப்பவர் சிலர். சிறுவர்க்கு மட்டும் உரியது என்று ஒதுக்குபவர் சிலர். இக்கருத்துகள் பொருந்துமா என்பதும், கட்ட ஆட்டங்களில் மக்கள் காணும் இன்பம் எங்கிருந்து பிறக்கிறது என்பதும் ஆராயத் தக்கவை.

இவ்வாட்டங்கள் தமிழ்நாட்டில் நேற்றுத் தோன்றியவை அல்ல. வைகைக் கரையில் உள்ள கீழடியில் நிகழ்ந்த அகழாய்வில் சுடுமண்ணாற் செய்த ஆட்டக்காய்களும் பகடைக்காய்களும் கிடைத்துள்ளன. பழைய கோயில்கள் பலவற்றின் கல் தளங்களில் ஆடுபுலி ஆட்டத்திற்குரிய கோடுகள் செதுக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். திருவள்ளுவரும் கல்லாமை என்னும் அதிகாரத்தின் முதற் குறளில் இவ்வாட்டத்தையே உவமையாக எடுத்துக் கொள்கிறார். நூலறிவு நிரம்பாதவன் அவையில் பேசப் புகுவது, கட்டம் வரையாமலே காய் உருட்டி ஆடுவதைப் போன்றது என்பது அவர் கருத்து. உவமை என்பது கேட்போர் அனைவரும் அறிந்த பொருளாக இருத்தல் வேண்டும். ஆகவே, கட்டம் வரைந்து ஆடும் வழக்கம் அக்காலத் தமிழ் மக்களிடையே நன்கு பரவியிருந்தது என்பது தெளிவு. கட்டம் இன்றேல் ஆட்டம் இல்லை என்னும் உண்மையும் அவ்வுவமையினுள் அடங்கியுள்ளது.

இனி, ஆட்டத்தின் இன்பம் எதில் உள்ளது? வெற்றியில் உள்ளது என்று பலரும் உடனே விடை கூறுவர். அவ்விடை முழுதும் பொருந்தாது. சதுரங்கத்தில் கைதேர்ந்த ஒருவரை, காய்களின் பெயரை மட்டும் அறிந்த சிறு குழந்தையோடு ஆடுமாறு பணித்தால், வெற்றி அவருக்கு உறுதி. ஆனால் இன்பம் இராது. ஐந்தாறு நகர்த்தலுக்குள் அவருக்குச் சலிப்புத் தோன்றிவிடும். தமக்கு நிகரான ஒருவரோடு நெடுநேரம் போராடித் தோற்றவரோ, "இன்னும் ஓர் ஆட்டம் ஆடுவோம்" என்று தாமே காய்களை அடுக்கத் தொடங்குகிறார். வெற்றியே இன்பமாயின் முன்னவர் மகிழ்ந்திருத்தல் வேண்டும். பின்னவர் எழுந்து போயிருத்தல் வேண்டும். இதனால், வெற்றி ஆட்டத்தின் குறிக்கோளே ஒழிய, இன்பத்தின் ஊற்று அன்று என்பது புலப்படும். எதிரே ஒருவர் அமர்ந்திருப்பதும், அவரும் தாமும் ஒரே விதிக்கு மனமுவந்து கட்டுப்படுவதும், அக்கட்டுப்பாட்டினுள் ஒருவர் உள்ளத்தை மற்றவர் அறிய முயல்வதுமே அவ்வூற்று ஆகும். தமிழ்நாட்டில் வழங்கும் ஆட்டங்கள் சிலவற்றை எடுத்து நோக்கினால் இவ்வுண்மை நன்கு விளங்கும்.

முதலில் பல்லாங்குழியைக் காண்போர் அதன் எளிமையைக் கண்டு வியப்பர். வரிசைக்கு 7 குழியாக இரு வரிசையில் 14 குழிகள் உள்ள மரப்பலகை ஒன்றே அதற்குப் போதும். பலகை இல்லாத வீட்டில் தரையில் வட்டமிட்டுக் கொண்டாலும் ஆட்டம் குறைவுபடாது. புளியங்கொட்டை, சோழி, மஞ்சாடி விதை ஆகியவற்றுள் எது கிடைத்தாலும் காயாக அமையும். குழிக்கு 5 காய் இடுவது ஒரு முறை. அவ்வாறாயின் மொத்தம் 70 காய்கள், ஆளுக்கு 35. தம் பக்கத்துக் குழி ஒன்றிலிருந்து காய்களை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுச் செல்வர். கையிற் காய் தீர்ந்ததும் அடுத்த குழியில் உள்ளவற்றை அள்ளி மேலும் இடுவர். அடுத்த குழி வெறுமையாக இருந்தால், அதனைத் தடவிவிட்டு அதற்கு அப்பால் உள்ள குழியின் காய்களைத் தமக்கென எடுத்துக்கொள்வர். ஆட்டத்தின் இடையில் ஒரு குழியில் 4 காய்கள் சேர்ந்தால் அதற்குப் பசு என்று பெயர். அக்குழிக்கு உரியவர் அதனைக் கைக்கொள்வர். இவ்விதிகள் ஊருக்கு ஊர் சிறிது வேறுபடும்.

பலகையில் காய் தீர்ந்ததும் அவரவர் சேர்த்த காய்களை எண்ணித் தத்தம் குழிகளை மீண்டும் நிரப்புவர். ஒருவரிடம் 22 காய்களே இருந்தால் அவரால் 4 குழிகளையே நிரப்ப இயலும். எஞ்சிய 3 குழிகளும் அவ்வாட்டத்தில் மூடப்படும். மற்றவரிடம் 48 காய்கள் இருக்கும். அவர் 7 குழிகளையும் நிரப்பி, 13 காய்களைக் கையில் வைத்திருப்பார். ஒருவர் செல்வர், மற்றவர் வறியர் என்னும் நிலை இவ்வாறு தோன்றுகிறது. ஆயினும் வறியவர் ஆட்டத்தை விட்டு எழுவதில்லை. நான்கு குழிகளை வைத்துக்கொண்டே கணக்கிட்டு ஆடி, இழந்த குழிகளை ஒவ்வொன்றாக மீட்பது உண்டு. இழந்ததை மீட்க வழி உண்டு என்னும் நம்பிக்கை இவ்வாட்டத்தின் சுவைக்குக் காரணம். எந்தக் குழியில் எடுத்தால் எங்கே கை ஓயும் என்று மனத்திற்குள்ளேயே எண்ணிப் பார்க்கும் பழக்கமும் இதனால் வளர்கிறது. எழுதப் படிக்க அறியாத பாட்டியர் பலர், பள்ளியில் கணக்குப் பயிலும் பேரனை இப்பலகையில் எளிதில் வென்றிருக்கின்றனர். வெளியே சென்று விளையாடும் வாய்ப்பைச் சமுதாயம் பெண்டிர்க்கு மறுத்திருந்த காலத்தில், அவர்தம் அறிவுக்கு ஒரு களமாக இக்குழிகள் அமைந்திருந்தன என்பதையும் மறத்தல் ஆகாது.

அடுத்தது தாயம். நான்கு முகங்கள் கொண்ட இரு கட்டைகளை உருட்டி இதனை ஆடுவர். ஒவ்வொரு கட்டையிலும் ஒரு முகம் வெறுமை. ஏனைய மூன்று முகங்களிலும் முறையே 1, 2, 3 புள்ளிகள் இருக்கும். 1 விழுந்தால் தாயம். தாயம் விழுந்தாலன்றிக் காய் கட்டத்தினுள் இறங்காது. இரு கட்டைகளும் வெறுமையாய் விழுந்தால் 12 என்று கொள்வர். எதிரியின் காய் நின்ற கட்டத்தில் தம் காய் சென்று சேர்ந்தால் அதனை வெட்டலாம். வெட்டுண்ட காய் மீண்டும் தொடக்கத்திலிருந்தே புறப்பட வேண்டும். பெருக்கற்குறி இட்ட கட்டத்தில் நிற்கும் காயை வெட்டுதல் கூடாது. கட்டங்கள் அனைத்தையும் சுற்றி வந்து நடுவே சேர்ந்த காயைப் பழம் என்பர்.

தாயம் விழாமல் ஏங்கியிருப்பவரைக் கண்டால், கட்டைகள் அவரிடம் பகை கொண்டுள்ளனவோ என்று தோன்றும். உண்மையில் அங்கே பகையும் இல்லை, நட்பும் இல்லை, கணக்கே உள்ளது. ஒரு கட்டைக்கு நான்கு முகங்கள் ஆதலின், இரு கட்டைகளும் விழக்கூடிய வகைகள் 16. அவற்றுள் தாயம் தருவன 2. அஃதாவது, எட்டு முறை உருட்டினால் சராசரியாக ஒரு முறை தாயம் விழும். 12 தருவது ஒரே வகை. 6 தருவதும் ஒரே வகை. 3 தருவனவோ 4 வகைகள். ஆகவே, நெடுநேரம் ஆடினால் மிகுதியாக விழுவது 3. இதனை அறிந்தவர், எதிரியின் காய்க்கு 3 கட்டம் முன்னால் தம் காயை நிறுத்த அஞ்சுவர். 12 கட்டம் முன்னால் நிறுத்துவதற்கு அத்துணை அஞ்சமாட்டார். விழும் எண் அவர் கையில் இல்லை. விழுந்த எண்ணைக் கொண்டு எந்தக் காயை நகர்த்துவது என்பது அவர் கையில் உள்ளது. ஊழும் முயற்சியும் ஒரே பலகையில் கலந்து நிற்பதே தாயத்தின் தனிச்சுவை. எண் சிறியதாக விழுந்தது என்று கட்டையை நொந்துகொள்பவர், விழுந்த எண்ணை நன்கு பயன்படுத்துபவரிடம் தோற்பதே பெரும்பான்மை.

ஊழ் ஒன்றே ஆளும் ஆட்டமும் உண்டு. அதுவே பரமபதம். வைகுந்த ஏகாதசி இரவில் கண் விழித்திருப்போர் அதனை ஆடுவது வழக்கம். நற்செயல் ஏணியாகவும் தீச்செயல் பாம்பாகவும் அமைந்து, ஆடுவோரை ஏற்றியும் இறக்கியும் விடும். இந்திய நாட்டின் இவ்வாட்டம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்குச் சென்று அங்கும் பரவியது. இதில் ஆடுபவர் தேர்ந்து முடிவு செய்ய வேண்டியது யாதும் இல்லை. விழுந்த எண்ணுக்கு நகர்ந்தால் போதும். அறிவுக்கு வேலை இல்லாத ஆட்டம் எவ்வாறு இன்பம் தரும் என்று சிலர் வினவுவர். அதற்கு விடை எளிது. பரமபதத்தின் முன் தாத்தாவும் பேத்தியும் நிகர். எழுபது ஆண்டுப் பட்டறிவு ஏணியை அருகே கொணராது. ஏழு வயதின் அறியாமை பாம்பை அருகே இழுக்காது. மூத்தோர்க்கு அடங்கி நடக்க வேண்டிய வீட்டில், மூத்தோரும் இளையோரும் சரிநிகராக அமரும் இடம் அப்பலகை. உச்சிக்கு ஒரு கட்டம் இருக்கையில் பெரிய பாம்பின் வாயில் விழுந்து அடிக்கட்டத்திற்கு இறங்கிய தாத்தாவைக் கண்டு பேத்தி சிரிக்கிறாள்; தாத்தாவும் சிரிக்கிறார். அச்சிரிப்பைத் தருவது எண்ணும் அன்று, கட்டமும் அன்று. எதிரே அமர்ந்திருப்பவரே அதனைத் தருகிறார்.

ஊழுக்குச் சிறிதும் இடம் தராத ஆட்டம் ஆடுபுலி. முக்கோண வடிவில் வரைந்த கோடுகள் கூடும் இடங்கள் 23. அவற்றில் 3 புலிகளும் 15 ஆடுகளும் நிற்கும். புலிகள் தொடக்கத்திலேயே உச்சியில் நிறுத்தப்படும். ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்குதல் வேண்டும்; பதினைந்தும் இறங்கும் வரை எந்த ஆடும் நகர இயலாது. புலி, நேர்கோட்டில் தன் அருகே நிற்கும் ஆட்டைத் தாண்டி அப்பால் உள்ள வெற்றிடத்தில் இறங்கினால் அந்த ஆடு வெட்டுண்டது. ஆட்டின் பின்னே அதே கோட்டில் இன்னோர் ஆடு நிற்குமாயின் புலியால் தாண்ட இயலாது. ஆடுகள் எதனையும் கொல்வதில்லை. மூன்று புலிகளும் அசைய இடமின்றி அடைத்துவிடுவதே அவற்றின் வெற்றி.

இதன் அமைப்பைக் கூர்ந்து நோக்குதல் தகும். இரு பக்கத்தினரின் படையும் ஒன்று அன்று. ஆற்றலும் ஒன்று அன்று. ஒரு பக்கம் வலிமை, மறுபக்கம் எண்ணிக்கை. ஆயினும் ஆட்டம் நடுநிலை தவறுவதில்லை. தனித்து நின்ற ஆடு மாள்கிறது. ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து நின்ற ஆடுகள் புலியைச் சிறைப்படுத்துகின்றன. ஒற்றுமையின் பயனை நூறு முறை வாயாற் சொல்வதைக் காட்டிலும், இவ்வாட்டத்தை ஒரு முறை ஆடிக் காட்டுவது சிறுவர் உள்ளத்தில் ஆழப் பதியும். இன்னும் ஒரு நயம் உண்டு. ஓர் ஆட்டம் முடிந்ததும் பக்கம் மாறி ஆடுவது வழக்கம். சற்று முன் புலியாக நின்று ஆடுகளை எள்ளியவர், இப்போது ஆடுகளை இறக்கும் பொறுப்பை ஏற்கிறார். ஒவ்வோர் ஆட்டையும் எங்கே வைப்பது என்று அவர் கை தயங்குகிறது. எதிரியின் இடத்தில் தாமே அமர்ந்து அவருடைய இடர்ப்பாட்டை உணரும் வாய்ப்பு, வாழ்வில் எளிதில் கிட்டுவது இல்லை. திண்ணையில் கரிக்கோடு கிழித்து ஆடிய இச்சிற்றூர் ஆட்டம் அதனை ஒரு நாழிகையில் தந்துவிடுகிறது.

இவ்வகை ஆட்டங்களுள் உலகம் முழுதும் பரவியது சதுரங்கம். கி.பி. 6ஆம் நூற்றாண்டளவில் வடஇந்தியாவில் வழங்கிய சதுரங்கம், பாரசீகத்திற்கும் அரபு நாடுகளுக்கும் சென்று, பின் ஐரோப்பாவை அடைந்தது. சென்ற இடத்திற்கேற்ப அதன் காய்களின் பெயரும் நடையும் மாறின. அரசனின் அருகே நின்ற அமைச்சன், ஐரோப்பாவில் அரசியாக மாறினான். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வரசி பலகையிலேயே மிக்க வலிமையுள்ள காயாகிவிட்டாள். தமிழ்நாட்டில் இக்கலை புதிய வளர்ச்சி பெற்றது 20ஆம் நூற்றாண்டில் ஆகும். 1961இல் மானுவல் ஆரோன் இந்தியாவின் முதல் அனைத்துலக மாஸ்டர் பட்டம் பெற்றார். 1988இல் விசுவநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனார். ஆனந்துக்கு இவ்வாட்டத்தை இளமையிற் கற்பித்தவர் அவருடைய அன்னையார். வீட்டில் அன்னையும் மகனும் எதிரெதிரே அமர்ந்து ஆடிய ஆட்டமே பின்னர் உலக வாகையாக விளைந்தது. 2022இல் மாமல்லபுரத்தில் 44ஆம் சதுரங்க ஒலிம்பியாடு நடைபெற்றது.

2024ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் சிங்கப்பூரில் நிகழ்ந்ததை மாணவர் அனைவரும் அறிதல் வேண்டும். சென்னையைச் சேர்ந்த குகேசு, சீன நாட்டின் டிங் லிரனை 14ஆம் ஆட்டத்தில் வென்று, 18ஆம் அகவையில் உலக வாகை சூடினார். அதற்கு முந்திய 13 ஆட்டங்களில் இருவரும் சமநிலையில் இருந்தனர். இறுதி ஆட்டமும் சமநிலையில் முடியும் என்று பலரும் எண்ணியிருந்த வேளையில், டிங் லிரன் செய்த ஒரு பிழை முடிவை மாற்றிற்று. வெற்றி பெற்ற இளைஞர் பலகையின் முன்னே அமர்ந்து கண்ணீர் பெருக்கினார். எனினும், எழுந்து செல்லுமுன் காய்கள் அனைத்தையும் தத்தம் தொடக்க இடங்களில் ஒழுங்குற எடுத்து வைத்தார். பின்னர்ச் செய்தியாளரிடம் பேசுகையில் தம்மிடம் தோற்றவரின் வீரத்தைப் பாராட்டினார். எதிரே அமர்ந்தவர் அத்துணை வலிமையோடு ஆடியிராவிடில், அவ்வெற்றிக்கு அத்துணைப் பெருமை இருந்திராது என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார் போலும்.

எதிராளியின் இன்றியமையாமையை மெய்ப்பிக்கும் மற்றொரு செய்தியும் உண்டு. 1997இல் டீப் புளூ என்னும் கணிப்பொறி, அந்நாளில் உலக வாகையராக விளங்கிய காசுபரோவை 6 ஆட்டங்கள் கொண்ட போட்டியில் வென்றது. இன்று கையடக்கமான கருவியில் இயங்கும் சதுரங்க நிரல்களையும் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரரால் வெல்ல இயலாது. சிறந்த நகர்த்தலைக் காண்பது ஒன்றே இன்பமாயின், மனிதர் பொறியிடம் அப்பணியை விட்டுவிட்டு விலகியிருத்தல் வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. மக்கள் முன்னினும் மிகுதியாக ஒருவரோடொருவர் ஆடுகின்றனர். பொறியோடு ஆடிப் பயிற்சி பெறலாம். அதனால் பயனும் உண்டு. ஆனால், தாயம் விழாதபோது பொறி பெருமூச்சு விடுவதில்லை. பழம் எடுத்தபோது கை கொட்டுவதில்லை. தோற்றபின் "நாளை பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிச் செல்வதும் இல்லை. ஒரே வீட்டில் நால்வர் நான்கு மூலைகளில் அமர்ந்து, நான்கு கருவிகளோடு தனித்தனியே ஆடுவது பொழுதைப் போக்கும்; உறவை வளர்க்காது. அந்நால்வரும் ஒரு தாயக்கட்டத்தைச் சுற்றி அமர்வராயின் இரண்டும் நிறைவேறும்.

இவ்வாட்டங்களின் மேல் கூறப்படும் குற்றம் ஒன்று உண்டு. காய் உருட்டி ஆடுதல் சூதுக்கு வழி கோலும் என்பது அது. இக்குற்றச்சாட்டை எளிதாகத் தள்ளிவிடுதல் கூடாது. பாரதத்தில் தருமன் நாட்டையும் தம்பியரையும் மனைவியையும் இழந்தது காயுருட்டியே அன்றோ? வள்ளுவரும் சூது என்று தனி அதிகாரம் வகுத்து அதன் தீமையை விரித்துரைத்துள்ளார். ஆயினும், சூதும் ஆட்டமும் ஒன்று அல்ல. ஆட்டத்தில் வெல்வதும் தோற்பதும் பலகையின் எல்லைக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. ஆட்டம் முடிந்ததும் இருவரும் தொடங்கிய நிலைக்கே திரும்புகின்றனர். புளியங்கொட்டைகள் பெட்டிக்குள் செல்கின்றன. சூதிலோ தோல்வி பலகையைத் தாண்டி வீட்டினுள் புகுகிறது. உண்ணும் சோற்றையும் உடுக்கும் உடையையும் பறிக்கிறது. பொருளைப் பணயமாக வைத்த அக்கணமே எதிரே இருப்பவர் தோழர் என்னும் நிலை மாறி, பறிக்கப்பட வேண்டியவர் ஆகிவிடுகிறார். அங்கே ஆட்டத்தின் இன்பம் அழிந்துபோகிறது. ஆகவே, பணயம் வைத்து ஆடுதலை அறவே விலக்குதல் வேண்டும். அதன்பொருட்டுத் தாயக்கட்டையையே விலக்குவது, நஞ்சு கலந்த பாலைக் கண்டு பசுவை விரட்டுவது போலாகும்.

இன்பத்தைக் கெடுப்பன வேறு இரண்டும் உண்டு. ஒன்று, ஏமாற்றி ஆடுதல். எதிராளி திரும்பிய வேளையில் காயை ஒரு கட்டம் தள்ளி வைப்பவன், பிறரை ஏமாற்றியதாக எண்ணி மகிழ்கிறான். உண்மையில், தான் ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தையே அவன் அழித்துவிட்டான். விதி இருவரையும் கட்டுப்படுத்தும் வரையில்தான் அது ஆட்டம். விதியை ஒருவன் மீறியபின் எஞ்சுவது கோடுகள் மட்டுமே. மற்றொன்று, குழந்தை அழுமே என்று பெரியவர் வேண்டுமென்றே தோற்றுக் கொடுத்தல். அன்பினால் செய்வதாயினும் இது நன்மை தருவதன்று. தொடக்கத்தில் இரண்டொரு காய்களைக் குறைத்துக்கொண்டு ஆடுவது முறை. ஆட்டத்தின் இடையில் கண்ணை மூடிக்கொள்வது முறை அன்று. விட்டுக்கொடுத்து வந்த வெற்றி என்று பின்னாளில் அறியும் குழந்தை, தான் பெற்ற உண்மையான வெற்றிகளையும் ஐயுறத் தொடங்கும். மேலும், தோல்வியைத் தாங்கும் ஆற்றல் ஒரே நாளில் வருவது அன்று. தேர்விலும் தொழிலிலும் தோல்வி வரும்போது அதன் விலை மிகுதி. பல்லாங்குழியில் வரும் தோல்விக்கோ விலையே இல்லை. விலையின்றிப் பயிலக் கிடைக்கும் இப்பாடத்தைப் பிள்ளைகளுக்கு மறுப்பது பெற்றோர்க்கு அழகன்று.

பாடத்தை விட்டுவிட்டு நாள் முழுதும் காய் நகர்த்துவதும் தவறே. அளவு கடந்தால் எந்த இன்பமும் சலிப்பாகும். ஆனால், நாள்தோறும் ஒரு சிறு பொழுது உற்றாரோடும் தோழரோடும் அமர்ந்து ஆடுவதை வீண் என்று கூறுதல் பொருந்தாது. எண்ணும் திறனும், முன்னறிந்து செயற்படும் பழக்கமும், முறை வரும்வரை காத்திருக்கும் பொறுமையும், தோற்றபின் முகம் வாடாமல் மீண்டும் அமரும் உறுதியும் அங்கே தாமாகவே வந்து சேர்கின்றன. இவையெல்லாம் ஆட்டத்தால் வரும் பயன்கள். பயன் கருதி மட்டும் ஆடுதலும் வேண்டுவது இல்லை. எதிரே ஒருவர் இருக்கிறார், அவரோடு ஒரு நாழிகை மகிழ்ந்திருக்கலாம் என்பதே போதிய காரணம்.

வருந்தத் தக்கது ஒன்று உண்டு. ஊருக்கு ஊர் வேறுபட்டு வழங்கிய இவ்வாட்டங்களின் விதிகளுள் பல, ஏட்டில் எழுதப்படாதவை. முதியோர் நினைவில் மட்டுமே வாழ்பவை. அம்முதியோர் மறையும்போது விதிகளும் அவர்களோடு மறையும். கல்லில் செதுக்கிய கோடு நிலைத்திருக்கும். அதன்மேல் காயை எவ்வாறு நகர்த்துவது என்பதைக் கல் சொல்லாது. ஆதலின், மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலோ தெருவிலோ உள்ள பெரியவர் ஒருவரை அணுகி, அவர் இளமையில் ஆடிய ஆட்டத்தின் விதிகளைக் கேட்டு எழுதி வைத்தல் நன்று. எழுதுவதோடு நில்லாமல், ஒரு சுண்ணக்கட்டியால் தரையில் கட்டம் வரைந்து, ஒரு பிடி புளியங்கொட்டையோடு அப்பெரியவரின் எதிரே அமர்ந்து ஆடிப் பார்த்தல் அதனினும் நன்று. முதல் ஆட்டத்தில் தோல்வி வருவது பெரும்பாலும் உறுதி. அதனால் குறைவொன்றும் இல்லை; அடுத்த ஆட்டத்திற்குக் காய்கள் அங்கேயே இருக்கின்றன.